தையல் மெஷின் காலில் ஆத்தங்குடிப் பூ

தையல் மெஷின் போனபின் மூலையில் கிடக்கும் வார்ப்பிரும்புக் காலை மேசையாக்க, மேலே கண்ணாடியைவிட ஆத்தங்குடித் தரைக்கல்தான் பொருத்தம். பாரம் தாங்கவே பிறந்த கால் அது. பிளைவுட்டை அறுத்து, கற்களை ஒட்டி, சுற்றிலும் தேக்குச் சட்டம் அடித்தால் மேசை தயார்.

ரசிக்க வேண்டியது கல்லைத்தான். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அறை அறையாக வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்குகிறார்கள். அதன்மேல் மணலும் சிமென்டும் கலந்த கலவை. பூ முகம் கவிழ்ந்தபடியே இறுகுகிறது. சூளை கிடையாது, தண்ணீரில் ஊறியே உறுதிப்படுகிறது. பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. கோடுகள் இம்மி பிசகியிருக்கும். எனக்கு அதுதான் அழகு. வார்னிஷ் வேண்டாம், தேங்காயெண்ணெய்த் துணி போதும். ஆனால் எலுமிச்சைச் சாறு பட்டால் தடம் விழும். பெடலைக் கழற்றிவிடாதீர்கள், காபி குடிக்கையில் காலுக்கும் ஒரு வேலை வேண்டாமா?