சுழலும் தட்டும் தொடும் கையும்

லோதி ரோட்டு அரசுக் குடியிருப்புகளில் வளர்ந்த நம்மிற் பலருக்குத் தந்தையாரின் இசைத்தட்டு தொடலாகாத பொருளாகவே இருந்தது. விளிம்பைப் பிடித்தே எடுக்கவேண்டும். முள் ஓடும் வரிகளில் விரல் படலாகாது. அக்கட்டளையை மீறியதிலிருந்தே ஓர் இசைக்கலை பிறந்தது என்றால் நம் இல்லத்துப் பெரியோர் நம்புவரோ?

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று, தம் சகோதரி நடத்திய விருந்தில் தட்டுகளை இயக்கினார் கூல் ஹெர்க் என்னும் இளைஞர். ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்தவர். பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியே ஆடுவோரை எழுப்புகிறது என்று கண்டு, ஒரே தட்டின் இரு படிகளை மாற்றி மாற்றி ஓட்டி அப்பகுதியை நீளச் செய்தவர் அவர். பார்படோஸில் பிறந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், தட்டின்மேல் வண்ணக்கோலால் குறியிட்டு, கடிகார முள்ளைப் பார்ப்பதுபோல் பார்த்து, அம்முறையைத் துல்லியமாக்கினார். கிராண்ட் விசார்ட் தியோடரோ, தட்டை முன்னும் பின்னும் தேய்க்கையில் எழும் ஒலியையே இசையாக்கினார்.

இக்கலைக்கென டி.எம்.சி. உலகப் போட்டி 1985-இல் தொடங்கியது. அதில் 1998, 1999, 2000 என மூன்றாண்டுகள் தொடர்ந்து வென்றவர் டி.ஜே. க்ரேஸ். நிகராகுவாவில் பிறந்து மயாமியில் வளர்ந்த அவரும் குடிபெயர்ந்தோரின் பிள்ளையே.

அவர் கலையை நம் செவிகொண்டு நோக்குவோம். ஒரு கை தட்டை அசைக்கிறது. மறு கை நடுவிலுள்ள மிக்சரின் பொத்தானை நகர்த்தி ஒலியைத் திறந்து மூடுகிறது. யாரோ என்றோ பாடிய ஒரு சொல் நறுக்கப்பட்டுச் சொற்கட்டாகிறது. மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் இரு கைகளுக்குள் உரையாடுவதைக் கேட்டுப் பழகியோர்க்கு இது அயலான இன்பமன்று. மேனாட்டு வயலினைப் பாலுஸ்வாமி தீட்சிதர் கையிலெடுத்து நம் கருவியாக்கியதையும் நினைவுகூரலாம். கருவியின் தகுதியைக் கையே தீர்மானிக்கிறது.

குறையும் உண்டு. சில நிமிடங்களுக்குள் வென்றாகவேண்டிய போட்டி, வேகத்தையே போற்றுகிறது. தனி ஆவர்த்தனம் சில வேளைகளில் வெறுங் கணக்காகிவிடுவதுபோல் இங்கும் வியப்பு மிகுந்து சுவை குன்றுவதுண்டு. இரவு விடுதியில் மணிக்கணக்காக ஒரு கூட்டத்தை ஆடவைப்பது வேறு ஆற்றல். அங்கே எதை ஒலிக்காமல் விடுவது என்னும் அடக்கமும் வேண்டும். போட்டியில் வென்றவரையும் மெய்யாகச் சோதிப்பது அவ்விடமே என்பது எம் துணிபு.

எனினும் நமக்குரிய பாடம் பிறிதொன்று. புதிய கருவிகளை வாங்க வசதியற்ற அவ்விளைஞர்கள், வீட்டிலும் கடையிலும் கிடைத்த பழைய தட்டுகளையே கருவியாக்கினர். நாமும் ஊரிலிருந்து பாட்டையும் மொழியையும் கொண்டுவந்தோம். உறையிட்டு அலமாரியில் வைத்தோம். பிள்ளைகள் அவற்றைத் தொட்டால் கெடும் என்று அஞ்சுகிறோம். அச்சத்தில் பாதி நியாயமே: அறியாதவன் கை பட்டால் தட்டில் கீறலே விழும். ஆனால் அந்த இளைஞர்கள் ஒவ்வொரு தட்டின் ஒவ்வொரு நொடியையும் மனனம் செய்த பின்னரே அதில் கைவைத்தனர். ஆகவே, நம் பிள்ளைகளைத் தொடாதே என்று தடுப்பதைவிட, முழுதும் கேட்டுவிட்டுத் தொடு என்று சொல்வதே அறிவுடைமை.