எடுக்கக் கூடாத அழைப்பு

தொலைபேசியில் எதிர்முனைக்காரர் எடுத்த பிறகுதான் மீட்டர் ஓடத் தொடங்கும். மணி அடிக்கிற நேரத்துக்குக் காசில்லை. இதை நிறுவனங்களின் தாராளம் என்று சொல்ல முடியாது. எடுக்காத அழைப்புக்கும் பணம் பிடித்தால் யார் போன் வைத்துக்கொள்வார்கள்? ஆனால் அந்த இருபது முப்பது நொடி இலவசத்துக்குள் இந்தியாவின் கோடிக்கணக்கான குடும்பங்கள் பல ஆண்டுகள் தங்கள் செய்திப் போக்குவரத்தை நடத்தி முடித்தன. இன்று 'மிஸ்டு கால்' என்றதும் பலருக்குச் சிரிப்பு வருகிறது, கஞ்சத்தனத்தின் அடையாளமாக. அது அவ்வளவு எளிய விஷயம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதே சமயம், அதை ஏழைகளின் மகத்தான கண்டுபிடிப்பு என்று கொண்டாடுகிறவர்களோடும் என்னால் முழுக்கச் சேர்ந்துகொள்ள முடியவில்லை.

லேண்ட்லைன் காலத்திலேயே இதற்கு முன்னோடி உண்டு. ஊர் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு இரண்டு ரிங் விட்டு வைத்துவிடுவார்கள். அடித்தது யார் என்று அந்தக் கறுப்புப் பெட்டி சொல்லாது. நேரத்தை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். செல்போன் வந்தபோது அதன் சின்னத் திரையில் எண்ணும் பெயரும் தெரிந்தன. மணியோசைக்குக் கையொப்பம் கிடைத்தது.

ஆனால் செல்போன் வந்தவுடன் மிஸ்டு கால் பெருகிவிடவில்லை. 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் பேச்சு. அந்தக் காலத்தில் கூப்பிட நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை. வருகிற அழைப்பை எடுத்தாலும் பணம். போன் வைத்திருந்தவர்களே அது அடித்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டு, எடுக்காமல், பக்கத்து பூத்துக்குப் போய் அங்கிருந்து கூப்பிட்டார்கள். 2003 மே 1 முதல் வரும் அழைப்புகள் இலவசமாயின. செலவு முழுவதும் கூப்பிடுகிறவர் தலையில் விழுந்தது. இரண்டு பேர் பேச ஒருவர் மட்டும் காசு கொடுக்க வேண்டும் என்றால், யார் கூப்பிடுவது என்பது ஒரு பேரமாகிவிடுகிறது. அந்தப் பேரம் நடந்த முறைதான் மிஸ்டு கால்.

அதே 2003இல் டார்ச் வைத்த நோக்கியா 1100 வந்தது. 2005 இறுதியில் 999 ரூபாய் கட்டினால் 'லைஃப்டைம் வேலிடிட்டி' என்றார்கள். அதன்பின் மாதாமாதம் எதுவும் கட்டாமலே ஒருவர் எண்ணை உயிரோடு வைத்திருக்க முடிந்தது. பத்து ரூபாய்க்கு டாப்-அப் போட்டால் வரியும் கட்டணமும் போக ஏழு ரூபாய் சொச்சம் கிடைக்கும். அதை வாரக்கணக்கில் காப்பாற்றி வைத்துக்கொள்கிற வீட்டில், எடுக்கப்படாத மணி ஒவ்வொன்றும் காசு.

இதன் உண்மையான பலம் சிக்கனத்தில் இல்லை. அன்றைய மலிவு போன்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்து வராது. குறுஞ்செய்தி அனுப்ப ஆங்கில எழுத்து தெரிய வேண்டும், இல்லாவிட்டால் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பேசுவதற்குக் காசு, எழுதுவதற்குப் படிப்பு. இரண்டும் இல்லாதவருக்கு மிஸ்டு கால் மட்டுமே வழி. முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் போதும்: ஒரு ரிங் என்றால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு என்றால் இறங்கிவிட்டேன், வண்டியோடு வா. பள்ளி ஆட்டோக்காரர் தெருமுனையில் நின்று ஒரு ரிங் விட்டால் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். துபாயிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் குறித்த நேரத்தில் அடித்து நின்றுபோகிற மணி, 'நன்றாக இருக்கிறேன்' என்பதன்றி வேறொன்றும் சொல்லாது. சொல்ல வேண்டியதும் இல்லை. இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த, எழுத்தே தேவைப்படாத ஒரு மொழி. மூன்றாம் மனிதர் அந்தப் போனை எடுத்துப் பார்த்தாலும் அவருக்கு ஒன்றும் புரியாது. இவ்வளவு ரகசியமான செய்தி முறை பிறகு வந்த எந்தச் செயலியிலும் இவ்வளவு எளிதாகக் கிடைத்ததில்லை.

விவசாயிகள் இதை இன்னொரு படி மேலே கொண்டுபோனார்கள். மும்முனை மின்சாரம் ஷிப்ட் முறையில், சில சமயம் நள்ளிரவில் வரும். டார்ச்சை எடுத்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்து கிணற்றடிக்குப் போனவர்கள், செல்போன் ஸ்டார்ட்டர் வந்த பிறகு கட்டிலில் படுத்தபடியே மோட்டாருக்கு ரிங் விட்டார்கள். அந்த ஸ்டார்ட்டர்களில் சில வகைகள் மிஸ்டு காலிலேயே இயங்குபவை. மணி அடித்தால் மோட்டார் ஓடும். எதிரில் மனிதர் இல்லாததால் இந்த அழைப்பில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

மனிதர்களுக்கு நடுவில் மனத்தாங்கல் உண்டு. இந்த வழக்கத்தின் குறைகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

மிஸ்டு கால் செலவை ஒழித்துவிட்டது என்று நினைப்பது தவறு. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு அதைத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான். பணமுள்ளவர் ஏழைக்காகச் செலவு செய்தார் என்ற கதையும் பாதிதான் உண்மை. பெரும்பாலான மிஸ்டு கால்கள் ஏழைக்கும் அவரைவிடச் சற்றே வசதியான ஏழைக்கும் நடுவில் போய்வந்தவை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்த்த மகனுக்கு ஊரிலிருந்து அம்மா அடித்தால், அவன் பத்து ரூபாய் டாப்-அப்பிலிருந்து கூப்பிட வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அன்றைய ப்ரீபெய்டு இணைப்பில் ஓரளவாவது பேலன்ஸ் இல்லாவிட்டால் அழைப்பே போகாது. ஆக, கடைசிப் படியில் இருந்தவருக்கு இந்த இலவசம் எட்டவே இல்லை.

காசை மிச்சம் பிடித்தவர் வேறொன்றைக் கொடுத்தார்: காத்திருத்தலை. ரிங் விட்ட பிறகு பேச்சு எப்போது நடக்கும் என்பது அவர் கையில் இல்லை. "மேஸ்திரிக்கு மிஸ்டு கால் விட்டிருக்கேன், கூப்பிடுவாரு" என்று காலை ஆறு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சித்தாளை நினைத்துப் பாருங்கள். கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால், மேஸ்திரி பார்க்கவில்லையா, பார்த்தும் வேண்டாம் என்று விட்டாரா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. நேரே கூப்பிட்டிருந்தால் ஒரு ரூபாயில் 'இல்லை' என்ற பதிலாவது கிடைத்திருக்கும். அடுத்த ஆளைத் தேடிப் போயிருக்கலாம். அவர் சேமித்த அந்த ஒரு ரூபாய் உண்மையில் மிகவும் விலை உயர்ந்தது.

இந்த ஏற்றத்தாழ்வு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ருவாண்டாவில் இதே பழக்கத்தை ஆராய்ந்த ஜோனதன் டோனர் 2007இல் வெளியிட்ட கட்டுரையில் அதன் எழுதப்படாத விதிகளைத் தொகுத்தார். வசதியுள்ளவர்தான் திரும்பக் கூப்பிட வேண்டும்; உதவி கேட்கப் போகிறவர் ரிங் விட்டு நிறுத்தக் கூடாது; மனம் கவர விரும்பும் பெண்ணுக்கு ஆண் அதைச் செய்வது இழுக்கு. இவற்றில் எது நமக்குப் புதிது? தமிழ்நாட்டில் மாமனாருக்கு மிஸ்டு கால் கொடுத்த மாப்பிள்ளையை யாராவது பார்த்திருக்கிறீர்களா? யாருக்கு யார் ரிங் விடலாம் என்ற வரிசையை வைத்தே ஒரு வீட்டின், ஒரு அலுவலகத்தின் அடுக்கை வரைந்துவிட முடியும்.

அவசரத்துக்கும் இது உதவாது. சாவுச் செய்திக்கும் பால் பாக்கெட்டுக்கும் ஒரே மணிதான். முன்பே ஒப்புக்கொண்ட செய்திகளை மட்டுமே அது சுமக்கும். எதிர்பாராதது நடந்தால் ஊமையாகிவிடும்.

பெண்களைப் பொறுத்தவரை கதை இன்னும் கசப்பானது. ஏதோ ஓர் எண்ணுக்கு ரிங் விடுவது, பெண் குரல் திரும்பக் கூப்பிட்டால் பிடித்துக்கொள்வது என்பது ஒரு பொழுதுபோக்காகவே நடந்தது. திரும்பக் கூப்பிடுவது மரியாதை என்று பழகியிருந்த சமூகத்தில் அந்த மரியாதையே தூண்டிலானது. உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகளில் பெண்களின் எண்கள் விலைக்குப் போனதை 2017இல் பத்திரிகைகள் வெளிக்கொண்டு வந்தன. நம் நாளிதழ்கள் 'மிஸ்டு காலில் மலர்ந்த காதல்' என்று தலைப்புப் போட்டு, பெரும்பாலும் முடிவில் பெண்ணையே குற்றவாளியாக்கின. பீகாரின் சுந்தர்பாடி கிராமத்தில் 2012இல் பெண்கள் செல்போன் பயன்படுத்தினால் அபராதம் என்று ஊர்க்கூட்டமே தீர்மானித்தது: மணமாகாதவர்களுக்கு 10,000 ரூபாய், மணமானவர்களுக்கு 2,000. தொந்தரவு செய்த ஆணுக்கு எவ்வளவு என்று அங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதற்குள் வியாபாரிகள் விழித்துக்கொண்டார்கள். ஒருவர் மிஸ்டு கால் கொடுக்கும்போது தன் எண்ணையும் தானே வலிய வந்து கொடுக்கிறார். 2010இல் பெங்களூரில் தொடங்கிய ஜிப்டயல் இதையே தொழிலாக்கியது. 2015 ஜனவரியில் ட்விட்டர் அதை வாங்கிக்கொண்டது. இந்துஸ்தான் யூனிலீவர் 2013இல் மின்சாரமும் தொலைக்காட்சியும் சரியாக எட்டாத பீகார், ஜார்கண்ட் பகுதிகளில் 'கான் கஜூரா டேசன்' என்றொரு சேவையைத் தொடங்கியது. மிஸ்டு கால் கொடுத்தால் திரும்பக் கூப்பிட்டுப் பாட்டும் நகைச்சுவையும் போடுவார்கள், இடையிடையே சோப்பு விளம்பரம். கேட்டவர்களுக்குப் பாட்டு கிடைத்தது, உண்மைதான். அதைத் திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டைக் கேட்டவர்களுக்கு அதன் விலை என்ன என்று யாரும் சொல்லவில்லை.

அரசியலும் பின்னால் வந்தது. 2011இல் அண்ணா ஹசாரேயின் இயக்கம் மிஸ்டு கால் வழியாக ஆதரவு திரட்டியது. 2014 நவம்பரில் தொடங்கிய உறுப்பினர் சேர்க்கையில் பாஜகவும் இதே வழியில் போய், சில மாதங்களில் உறுப்பினர் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியதாக அறிவித்தது. கிளைக் கூட்டத்துக்குப் போய்ச் சந்தா கட்டி, கையெழுத்துப் போட்டுச் சேருவதற்கும், இருந்த இடத்திலிருந்து ஒரு ரிங் விடுவதற்கும் உள்ள வேறுபாடு சின்னதல்ல. இரண்டாவது வகையில் கட்சிக்கு ஓர் எண் கிடைக்கிறது. ஆள் கிடைத்தாரா என்பது தனிக் கேள்வி.

தென்னாப்பிரிக்காவில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வோடகாம் நிறுவன ஊழியர் ந்கோசானா மகாடே, வெளியூரில் படித்துக்கொண்டிருந்த தன் காதலி பேலன்ஸ் இல்லாமல் தவிப்பதைப் பார்த்து ஒரு யோசனை சொன்னார்: காசே இல்லாதவரும் 'என்னைக் கூப்பிடு' என்ற செய்தியை இலவசமாக அனுப்பலாம். 2001இல் வோடகாம் அதைச் சேவையாக்கி, செய்தியின் வாலில் விளம்பரமும் ஒட்டிச் சம்பாதித்தது. யோசனை சொன்னவருக்கு நியாயமான தொகை கொடுங்கள் என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2016இல் சொல்ல வேண்டியிருந்தது. நம் நிறுவனங்கள் ஏன் அப்படியொன்றைப் பெரிய அளவில் செய்யவில்லை? மிஸ்டு காலே அவர்களுக்கு லாபமாக இருந்தது என்பது என் ஊகம். எடுக்காத அழைப்புக்கும் கோபுரம் எதிர்முனைப் போனைத் தேட வேண்டும், சமிக்ஞை அனுப்ப வேண்டும். அதற்கு வருமானம் இல்லை. ஆனால் ஒவ்வொரு ரிங்கும் ஒரு கட்டண அழைப்பை இழுத்து வந்தது.

இந்தக் கணக்கு 2019இல் வெட்டவெளிச்சமானது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் எண்ணைக் கூப்பிட்டால், கூப்பிட்டவரின் நிறுவனம் மற்றதற்கு நிமிடத்துக்கு 6 பைசா தர வேண்டும் என்பது அன்றைய விதி. ஜியோ தன் அழைப்புகளின் மணியோசையை 20 நொடியாகச் சுருக்கியது. எடுப்பதற்குள் நின்றுவிட்டால் எதிராளி திரும்பக் கூப்பிடுவார், 6 பைசா தன் பக்கம் வரும் என்று ஜியோ திட்டமிடுகிறது என ஏர்டெல் குற்றம் சாட்டிவிட்டு, பிறகு தானும் 25 நொடியாகக் குறைத்தது. ஜியோவின் குற்றச்சாட்டு வேறு: மற்ற நிறுவனங்களின் 2ஜி வாடிக்கையாளர்கள் தன் வாடிக்கையாளர்களுக்குத் தினமும் கோடிக்கணக்கில் மிஸ்டு கால் விடுகிறார்கள். கடைசியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, செல்போனுக்கு 30 நொடி, லேண்ட்லைனுக்கு 60 நொடி மணி அடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சித்தாளும் மேஸ்திரியும் ஆடிய ஆட்டத்தை இரண்டு பெரும் நிறுவனங்கள் ஆடின. 2021 ஜனவரி 1 முதல் அந்த 6 பைசாவும் நீங்கியது.

பேச்சுக்குக் காசில்லை என்று 2016இல் ஜியோ அறிவித்த அன்றே வீட்டு மிஸ்டு காலின் ஆயுள் முடியத் தொடங்கிவிட்டது. இன்று கேஸ் சிலிண்டர் பதிவுக்கும், வங்கி இருப்பு அறியவும், பி.எஃப். கணக்குப் பார்க்கவும் அது பயன்படுகிறது. இயந்திரங்களோடு பிழைத்துக் கிடக்கிறது. மனிதர்களுக்கு இடையில் அதன் பொருள் தலைகீழாகிவிட்டது. முன்பு எடுத்தால் கோபம், இப்போது எடுக்காவிட்டால் கோபம். "ரெண்டு தடவை அடிச்சேன், பார்க்கலையா?" என்பது இப்போது வழக்கமான விசாரணை.

ஆனால் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. லைஃப்டைம் வேலிடிட்டிக்காரரின் மாதச் செலவு பூஜ்யமாக இருக்க முடிந்தது. 2018 இறுதியில் ஏர்டெலும் வோடஃபோன் ஐடியாவும் 28 நாளுக்குக் குறைந்தது 35 ரூபாய் என்றன. கட்டாவிட்டால் முதலில் வெளியே போகும் அழைப்பு நிற்கும், பிறகு உள்ளே வருவதும் நிற்கும். 2024 ஜூலையில் ஏர்டெலின் 28 நாள் அடிப்படைத் திட்டம் 199 ரூபாய். 28 நாள் என்பதால் ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று ரீசார்ஜ். டேட்டா தேவைப்படாதவர்களுக்காகப் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் சொன்னது. நிறுவனங்கள் தந்தன, 84 நாளுக்கு ஏறக்குறைய 450 ரூபாய் என்ற அளவில். பட்டன் போன் வைத்திருக்கிற, மாதத்துக்கு நாலு அழைப்பு வருகிற பாட்டிக்கு அதுவும் பெரிய தொகைதான். வேலிடிட்டி முடிந்த அவர் போனில் இப்போது மகன் கூப்பிட்டாலும் மணி அடிக்காது.