உணரி இடத்தேர்வில் 63 விழுக்காட்டு உறுதி: ஒரு மதிப்பீடு

கம்பியில்லா வலையமைப்பில் உணரிகளை எங்கெங்கு நிறுவுவது என்னும் சிக்கலில் கிராவுசே, சிங், கெஸ்ட்ரின் ஆகியோரின் 2008ஆம் ஆண்டு ஆய்வு முதன்மையானது. உணரியைச் சுற்றி வட்டம் வரைந்து பரப்பைக் கணக்கிடும் முறைக்கு மாற்றாக, உணரி உள்ள இடங்கள் இல்லாத இடங்களைப் பற்றி எவ்வளவு தகவல் தருகின்றன என்பதை அது அளவுகோலாக்கியது. ஒவ்வோர் அடியிலும் மிகுபயன் தரும் இடத்தைத் தேர்ந்தால், பெறும் தகவல் உச்ச அளவில் ஏறத்தாழ 63 விழுக்காட்டிற்குக் குறையாது என்றும் நிறுவியது.

இவ்வெண்ணை வலையமைப்பின் செயல்திறனாகக் கொள்வது பொருந்தாது. முதலாவதாக, அது முன்னளவீடுகளிலிருந்து பெற்ற புள்ளியியல் மாதிரியைச் சார்ந்தது. மாதிரி பிழைபடின், உறுதி மாதிரிக்கே உரியது, களத்திற்கு அன்று. இரண்டாவதாக, அருகருகே உள்ள இடங்கள் ஒரே செய்தியையே தருவதால் தேர்வு தொலைவிடங்களை நாடுகிறது. தொலைவு கூடக் கூட அலைத்தொடர்பு நலிகிறது. மறுபடி மறுபடி அனுப்புவதில் மின்கலம் தீர்கிறது. கிராவுசே, கெஸ்ட்ரின் இருவரும் குப்தா, கிளைன்பெர்க் ஆகியோருடன் 2006இல் தொடர்புச் செலவையும் இணைத்து ஆராய்ந்தபோது, வேறொரு வழிமுறையை வகுக்க வேண்டியிருந்தமை இதற்குச் சான்று.

எனவே, இம்முறையைக் கையாளும் ஆய்வுகள் களத்தில் அளந்த தொடர்புத் தரத்தையும் உடன் தருதல் வேண்டும். அஃதின்றேல் 63 என்பது தாளளவிலான உறுதியாகவே நிற்கும்.