கல்லும் பொம்மையும்: 'அகல்யா' குறும்படத்தில் உத்தியும் பொருளும்

உருவம் பெரிதா, உள்ளடக்கம் பெரிதா என்பது இலக்கியத்தில் பழைய வழக்கு. குறும்படம் என்று வரும்போது அந்த வழக்கு இன்னும் கொஞ்சம் சூடு பிடிக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். பாத்திரங்களை வளர்க்க நேரம் கிடையாது. ஒளி, இசை, கடைசியில் ஒரு திடீர்த் திருப்பம் என்று ஒப்பேற்றிவிடுகிறவர்கள் நிறைய. 2015-இல் சுஜாய் கோஷ் வங்காள மொழியில் இயக்கிய 'அகல்யா' 14 நிமிடப் படம். துப்பறியும் கதை, திகில் கதை, புராணம் மூன்றையும் ஒன்றாகக் கலக்கியிருக்கிறார். கலவை ருசிக்கிறது, வயிறு நிறைகிறதா என்பதுதான் கேள்வி.

காணாமல் போன அர்ஜுன் என்பவனைத் தேடி இந்திர சென் என்ற இளம் போலீஸ் அதிகாரி, கௌதம் சாது என்னும் முதிய கலைஞரின் வீட்டுக்கு வருகிறான். கதவைத் திறப்பவள் அவருடைய இளம் மனைவி அகல்யா. பெயர்கள் காதில் விழுந்த உடனே "அட, இது நம்ம அகலிகை கதையாச்சே!" என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம். அறையில் ஆண் உருவப் பொம்மைகள். அதில் ஒன்று அர்ஜுனின் அச்சு. இங்கே ஒரு மாயக்கல் இருக்கிறது, அதைத் தொட்டவன் நினைத்த உருவம் பெறுவான் என்கிறார் கிழவர். இந்திரன் நம்பவில்லை. கல்லோடு அவனை மாடிக்கு அனுப்புகிறார். அங்கே கண்ணாடியில் தெரிவது கௌதமின் உருவம்! அகல்யாவும் அவனைக் கணவனாகவே பாவித்துப் பேசுகிறாள். அவன் திரும்பிப் போயிருக்கலாம், போகவில்லை. கடைசியில் அவனும் ஒரு பொம்மை.

உத்தியைக் குறை சொல்ல இடமில்லை. சௌமித்ர சாட்டர்ஜி குரலை உயர்த்தாமலே நம்மைப் பயமுறுத்துகிறார். சிரிப்பும் உபசாரமுமாக அவர் பேசப் பேச, அந்த வீடு மெல்ல ஒரு பொறியாக மாறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கண்ணாடிக் காட்சி. புராணத்து இந்திரன் திட்டமிட்டு வேடம் போட்டான். இவனுக்கோ வேடம் தானாக வந்து சேர்கிறது. தேடி வராத வாய்ப்பை ஏற்றுக்கொண்டாலும் குற்றம் குற்றம்தானா? ஒரு வசனமும் இல்லாமல் ஒரு பிம்பத்தால் படம் இதைக் கேட்டுவிடுகிறது. இந்த இடத்தில் உத்தியே பொருளாகிவிட்டது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். "பெண் கல்லாகவில்லை, ஆண் பொம்மையானான், எனவே இது பெண்ணுக்கு நியாயம் செய்த படம்" என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. பார்வைக்குச் சரிபோலத்தான் தோன்றும். ஆனால் மூலக்கதையிலேயே இந்திரனுக்கும் சாபம் உண்டு. வால்மீகியில் அகலிகை, வந்தவன் இந்திரன் என்று தெரிந்தே இசைகிறாள்; கம்பரில் உணர்ந்த பிறகும் விலகாமல் இருக்கிறாள். இரண்டிலும் அவளுக்கென்று ஒரு மனம், ஒரு தடுமாற்றம் இருக்கிறது. படத்து அகல்யாவுக்கு அது இல்லை. ராதிகா ஆப்தே கண்ணாலும் சிரிப்பாலும் நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனாலும் இவள் இந்த விளையாட்டை விரும்பி ஆடுகிறாளா, ஆட்டுவிக்கப்படுகிறாளா? படம் அந்தப் பக்கமே போகவில்லை. தூண்டிலில் மாட்டிய இரை போல அவள் இருக்கிறாள். தூண்டில் கிழவர் கையில். அன்றும் தீர்ப்புச் சொன்னவர் கௌதமர், இன்றும் அவரேதான்.

இன்னொன்று: இந்தக் கதையில் இராமன் வருவதில்லை. சாபம் உண்டு, விமோசனம் கிடையாது. திகில் கதைக்கு அது வசதி. கதவு சாத்தியதும் படம் முடிந்துவிடுகிறது. புராணத்தில் கனமான பகுதியோ சாபம் தீர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. கல் பெண்ணானாள் சரி. பிறகு அவள் எப்படி வாழ்ந்தாள்? புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'சாபவிமோசனம்' அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது. அதில் அகலிகை மனசுக்குள் வெந்துகொண்டே வாழ்கிறாள். இராமன் சீதையைத் தீக்குளிக்கச் செய்ததைச் சீதை வாயாலேயே கேட்டதும் உடைந்துபோய், மறுபடி கல்லாகிறாள். அதுவும் ஒரு கடைசித் திருப்பம்தான். ஆனால் அது வாசகனைத் திடுக்கிட வைப்பதோடு நிற்பதில்லை. தன்னை மீட்டவனையே அவள் மனசு ஏற்க மறுக்கிறது என்பதை நமக்குச் சொல்கிறது. படத்தின் திருப்பமோ, கண்ணாடி எழுப்பிய நல்ல கேள்வியை அலறலோடு மூடிவிடுகிறது.

அதனால் படத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. 14 நிமிடத்துக்குள் ஒரு தொன்மத்தை இன்றைய வரவேற்பறையில் உட்கார வைப்பது சாதாரணக் காரியமல்ல. ஆனால் வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்கள் அகலிகையை முதலில் சந்திப்பது இப்படி ஒரு படத்தில்தான் என்றாகிவிடலாம். படத்தை அவர்களோடு சேர்ந்து பாருங்கள். பிறகு புதுமைப்பித்தன் கதையை நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். "அந்த அகல்யா என்ன நினைச்சா?" என்று பிள்ளை கேட்டால், படத்தில் இல்லாமல் போனது எது என்று அதற்கும் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.