வேற்றுக் கிரக உயிர்களும் ரப்பர் தோலும்

பழைய விஞ்ஞானத் தொலைக்காட்சித் தொடர்களை இன்றைய மாணவர்கள் கைப்பேசியில் பார்க்கிறார்கள், பார்த்ததும் சிரிக்கிறார்கள். பல்லி மனிதனின் வாய் அசையவில்லை, ராட்சத மிருகத்தின் முழங்காலில் ரப்பர் மடிகிறது, உள்ளே ஆள் இருப்பது தெரிகிறது என்கிறார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் உண்டு. ஆனால் அதோடு விமர்சனம் முடிந்துவிடுமா?

ஓர் உயிரினத்தின் ஒப்பனையைப் பற்றி நாம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். அது உயிருள்ளதாகக் கண்ணுக்குப் படுகிறதா என்பது ஒன்று. கதை கூறும் உலகில் அப்படி ஓர் உடல் வாழ முடியுமா என்பது மற்றொன்று. முதல் கேள்வி கலைஞரின் கைத்திறனைப் பற்றியது. இரண்டாவது விஞ்ஞானத்தைப் பற்றியது. விஞ்ஞானக் கதை என்று பெயர் சூட்டிக்கொண்டு வருகிற படைப்புக்கு இரண்டாவது கேள்வியில்தான் அதிக மதிப்பெண் வைக்க வேண்டும்.

கறுப்பு வெள்ளைத் திரையில்

'ஸ்டார் டிரெக்' அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான தொடர். 1980களில் தூர்தர்ஷனிலும் வந்தது. இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியது 1982இல். அதன் பின்னரும் பல ஆண்டுகள் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்து நடுத்தர வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டியே இருந்தது. மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே ஒருவர் "தெரியுது, தெரியுது" என்று கூவ, புள்ளிகளுக்கு நடுவே பார்த்த படம் அது.

அமெரிக்கத் தொலைக்காட்சிப் படம் 525 கிடைக்கோடுகளால் ஆனது. நம்முடையது 625 கோடுகள். அதிலும் படத்துக்குப் பயன்பட்டவை சற்றுக் குறைவே. அந்தச் சிறு திரைக்காகச் செய்த ஒப்பனையை 1080 கோடுகள் கொண்ட துல்லியமான பிரதியில் பார்த்துவிட்டுக் குறை சொல்கிறோம். நம் வட ஆற்காட்டுத் தெருக்கூத்து வேடத்தைப் பகலில், ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். இரவில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், மைதானத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்காக எழுதிய முகம் அது.

தொடரின் புகழ்பெற்ற பாத்திரமான ஸ்பாக்கை எடுத்துக்கொள்வோம். இவரது சருமத்துக்கு முதலில் சிவப்பு நிறமே யோசிக்கப்பட்டது. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் சிவப்பு கருமையாகத் தெரியும் என்பதால் அது கைவிடப்பட்டு, மெல்லிய மஞ்சள் சாயல் பூசப்பட்டது. அவர் இரத்தம் பச்சை, அதில் இரும்புக்குப் பதில் தாமிரம் என்பது கதை. அவ்வாறாயின் சருமத்தில் சிவப்பு ஓடாதுதான்; மஞ்சள் பூச்சு பொருத்தமே. நண்டு, இறால் ஆகியவற்றின் இரத்தத்திலும் தாமிரம் உண்டு. ஆனால் ஆக்ஸிஜன் கலந்தால் அது நீலமாகும், பச்சையாகாது. இத்தனை யோசனையும் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. வந்தவை கூரிய இரண்டு காதுகள் மட்டும்! ஆங்கில வசனம் பிடிபடாத தமிழ் வழி மாணவனுக்கு அந்தக் காதுகளே வசனமாகவும் இருந்தன. ஒப்பனை எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தோல் என்றால் என்ன?

தோலைப் பற்றிப் பேச ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைக்காரர்களுக்குத் தனி உரிமை உண்டு. டேனரியில் பழகியவர் பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்தே ஆடா, மாடா என்று சொல்லிவிடுவார். மயிர்க்கால்கள் அமைந்திருக்கும் ஒழுங்கு விலங்குக்கு விலங்கு வேறுபடுகிறது. கழுத்துத் தோலின் சுருக்கம் முதுகுத் தோலில் இராது. வயிற்றுத் தோல் தளர்ந்திருக்கும். உயிர் வாழ்ந்த வாழ்க்கை தோலில் எழுதப்பட்டிருக்கிறது.

ரப்பர் உடையில் இந்த எழுத்து இல்லை. நுரை ரப்பரை அச்சில் ஊற்றி, சூடேற்றி எடுத்தால் எல்லா இடமும் ஒரே தன்மையாக இருக்கும். இயற்பியல் காரணம் ஒன்றும் உண்டு. உயிருள்ள சருமத்தில் விழும் ஒளி முழுவதும் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுவதில்லை. ஒரு பகுதி உள்ளே நுழைந்து, சிதறி, சற்றுத் தள்ளி வெளிவருகிறது. டார்ச் விளக்கின் மேல் விரலை வைத்தால் விரல் சிவந்து ஒளிர்வது இதனால்தான். வர்ணம் பூசிய ரப்பரில் ஒளி மேலேயே திரும்பிவிடுகிறது. காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் "இது பொம்மை" என்று கண் சொல்லிவிடுகிறது. இக்குறையைத் தவிர்க்க ஒப்பனைக் கலைஞர்கள் ஜெலட்டினையும் பயன்படுத்துவதுண்டு. அதில் ஒளி ஓரளவு ஊடுருவும். ஜெலட்டின் எங்கிருந்து வருகிறது? தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்திலிருந்துதான். தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரம் அதன் உறவினர்.

பல்லி மனிதனும் ராட்சதர்களும்

1967இல் ஒளிபரப்பான 'அரீனா' என்ற கதையில் கோர்ன் என்ற பல்லி மனிதன் வருகிறான். உருவாக்கியவர் வா சாங் என்னும் தேர்ந்த கைவினைஞர். உடை கனமானது, கோர்ன் ஆடி அசைந்து நடக்கிறான். இதைக் கண்டு சிரிப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அவன் பலசாலி, ஆனால் வேகம் குறைந்தவன் என்று கதையே கூறிவிடுகிறது. உடையின் குறையைப் பாத்திரத்தின் குணமாக மாற்றிய சாமர்த்தியத்தைப் பாராட்ட வேண்டும்.

உண்மையான பிழை கண்ணில் இருக்கிறது. பல்லி உடலுக்குப் பூச்சியின் கூட்டுக்கண்ணைப் பொருத்திவிட்டார்கள், வெள்ளியாய் மின்னுகிறது. கூட்டுக்கண்ணின் ஒவ்வொரு சிறு வில்லையும் மிகச் சிறியது. சிறிய துவாரத்தின் வழியே செல்லும் ஒளி விளிம்பு விளைவால் பரவிவிடும். மனிதக் கண்ணின் கூர்மையைக் கூட்டுக்கண் பெற வேண்டுமானால் அதன் குறுக்களவு ஒரு மீட்டர் அளவுக்காவது வளர வேண்டியிருக்கும். தும்பிக்குப் போதுமான கண், ஆளுயரப் பகைவனுடன் பாறையெறிந்து போரிடுபவனுக்குப் போதாது.

தூர்தர்ஷன் நேயர்களுக்கு அறிமுகமான மற்றொரு தொடர் 'ஜயண்ட் ரோபோ'. 1967-68இல் ஜப்பானில் தயாரானது. ரோபோவின் உயரம் சுமார் 30 மீட்டர். அதனுடன் மோதும் மிருகங்களும் ஏறத்தாழ அதே உயரம். அதாவது மனிதனைப்போல் 18 மடங்கு. உயரம் 18 மடங்கானால் எலும்பின் குறுக்குவெட்டு 324 மடங்காகும். எடையோ 5,832 மடங்காகும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் எலும்பும் 18 மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். கலிலியோ 1638இல் விளக்கிய செய்தி இது. ஆகவே அந்த மிருகங்களுக்கு யானையினும் பருத்த கால்கள் வேண்டும். ஆனால் உள்ளே நிற்பது மனிதனாகையால் கால்களும் மனிதனுடையவையே.

வேகமும் தவறுகிறது. விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 18 மடங்கு உயரமான உருவம் சுமார் 4.2 மடங்கு நிதானமாக விழ வேண்டும். விநாடிக்கு 24 பிம்பங்களுக்குப் பதில் சுமார் 100 பிம்பங்கள் எடுத்தால் அந்தக் கம்பீரம் வந்துவிடும். சண்டை சூடுபிடித்ததும் இம்மிருகங்கள் மனித வேகத்தில் கைகால்களை வீசுகின்றன. மறுகணமே மலை போன்ற உருவம் ஆளுயரத்துக்குச் சுருங்கிவிடுகிறது. இங்கே குற்றம் ரப்பருடையதன்று.

கேலிக்குள்ளான ஓர் அரிய படைப்பு

பார்வைக்கு மிக மோசமானது என்று கேலி செய்யப்படும் ஹோர்டாவுக்கு வருவோம். 1967இல் வந்த 'தி டெவில் இன் தி டார்க்' கதையில் தோன்றும் உயிர் இது. யானோஸ் புரோஹாஸ்கா என்ற கலைஞர் ரப்பர் ஓட்டின் கீழே தவழ்ந்து நடித்தார். தட்டையான, மேடுபள்ளமான உருவம். கருகிய தக்காளி ஊத்தப்பம் நகர்ந்து வருவதுபோல் இருக்கும்!

ஆனால் நம் இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஹோர்டா பூமிக்கடியில் பாறையைக் குடைந்து வாழ்வது. ஆகவே உயரம் இல்லை. நீண்ட கைகால்கள் இல்லை. சுரங்கத்தில் புகத்தக்க உடல். அதன் உடல் கார்பனால் ஆனதன்று, சிலிக்கானால் ஆனது. தனிம அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே உள்ள சிலிக்கானுக்கும் நான்கு பிணைப்புக் கைகள் உண்டு. எனவே தோல் பாறைபோல் இருக்கிறது. மனித சாயல் ஒன்றுமே இல்லாமல் உயிரைக் கற்பனை செய்த துணிவு அக்காலத்தில் அரிது.

இதிலும் கேட்க வேண்டியவை உள்ளன. நாம் கார்பனை எரித்துக் கார்பன் டை ஆக்சைடு வாயுவை வெளிவிடுகிறோம். சிலிக்கான் ஆக்ஸிஜனுடன் சேர்ந்தால் கிடைப்பது மணல். ஹோர்டா எப்படி மூச்சுவிடும்? பாறையைக் கரைக்கும் அதன் அமிலம் அதன் உடலை ஏன் கரைப்பதில்லை? நம் வயிற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சளிப்படலம் தடுப்பதுபோல் அதற்கும் ஓர் உள்ளுறை இருக்குமோ? இப்படிக் கேள்வி கேட்க வைக்கும் ஒப்பனையே விஞ்ஞானக் கதைக்கு உகந்த ஒப்பனை. தோழர்களைக் கொன்ற அரக்கன் என்று சுரங்கத் தொழிலாளர்கள் எண்ணிய அது, தன் முட்டைகள் உடைக்கப்பட்ட ஒரு தாய் என்று தெரியவரும்போது, ரப்பரைக் கண்டு சிரித்தவரும் சற்று மௌனமாவார்.

நம் நாட்டில்

தமிழில் 1963இலேயே ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த 'கலை அரசி' வெளிவந்தது. அதில் வேற்றுக் கிரகத்தார் நம்மைப் போன்ற மனிதர்களே. 2003இல் வந்த 'கோயி மில் கயா' இந்திப் படத்து ஜாதுவுக்கு நல்ல உடை கிடைத்தது. ஆனால் அது வெயிலிலிருந்து ஆற்றல் பெறும் உயிராம். கணக்கிடுவோம். நண்பகல் வெயிலில் சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். சிறுவனளவு உடலில் அரைச் சதுர மீட்டர் வெயில் படும். அதில் நூற்றுக்கு 5 பங்கைப் பிடித்தாலும் 25 வாட்தான். ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருக்கவே சுமார் 80 வாட் தேவை. வெயிலை உண்பவனுக்கு வாழையிலை போல் விரியும் அகன்ற தோல் மடிப்புகள் வேண்டாமா? உடை செய்தவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

2024இல் வெளியான 'அயலான்' படத்தில் கணிப்பொறி தோலைத் திறமையாக வரைந்தது. ஒளி ஊடுருவும் சருமம் இன்று எட்டாத பொருளன்று. உருவம் மட்டும் பெரிய தலை, பெரிய கண், மெலிந்த கைகால் என்ற அந்தப் பழைய வெளிநாட்டு அச்சிலேயே நிற்கிறது. கருவி வளர்ந்த அளவுக்குக் கற்பனை வளரவில்லை.

மாணவர்கள் பழைய தொடர்களைப் பார்க்கட்டும், சிரிக்கவும் செய்யட்டும். சிரித்த பிறகு ஒரு தாளை எடுத்து, அந்த உயிரின் உயரம், எடை, உணவு, மூச்சு ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். பாடநூலில் வறண்டு கிடக்கும் பல சூத்திரங்களுக்கு அன்று வேலை வந்துவிடும். வேற்றுக் கிரக உயிரைப் படைக்க விரும்பும் தமிழ்க் கலைஞர்களும் தோலுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன், அந்தத் தோலுக்குள் இருக்கப்போவது யார் என்று பக்கத்துப் பள்ளி விஞ்ஞான ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.