பதினோரு ஃப்ளாப்பிகளும் சில தப்பான யோசனைகளும்

பழைய ஃப்ளாப்பியைப் புதுக் கணினியில் படிப்பது எப்படி என்று தேடினால், கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் வாங்கிச் செருகு, கோப்புகளைக் காப்பி பண்ணு. பிழை வந்தால் செக்டிஸ்க் ஓட்டு. எழுத்து புரியவில்லையென்றால் சிஎஸ்வியாகச் சேமித்துக்கொள். உங்களிடம் இருப்பது ஒரே பிரதி என்றால் இந்த மூன்றுமே ஆபத்தானவை. பட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வேடந்தாங்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பிஸ்கட் டின் ஒன்றை என்னிடம் கொடுத்தார். உள்ளே பதினோரு மூன்றரை அங்குல ஃப்ளாப்பிகள். 1996 முதல் 2004 வரை, நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் வாராவாரம் ஏரிக்கரையில் நின்று அவர் எண்ணிய பறவைக் கணக்கு. "நோட்டு எங்க சார்?" என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சேன்னு பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டேன் தம்பி" என்றார்.

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 2020இல் ஏரியைச் சுற்றியுள்ள 5 கிலோமீட்டர் சரணாலய வட்டத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை வந்தது, பெரிய சர்ச்சையானது. அந்த மாதிரி நேரத்தில் "முன்னாடி எவ்வளவு வந்தது?" என்பதுதான் முதல் கேள்வி. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் நடக்கிறது, ஆனால் அது ஜனவரியில் எடுக்கும் கணக்கு. ஒரே ஆள் ஒரே கரையில் வாராவாரம் எண்ணியது வேறு வகைச் சாட்சி.

இப்போது யோசனை எண் ஒன்று. டின்னைத் திறந்த அன்றே யூஎஸ்பி டிரைவில் முதல் வட்டைப் போட்டேன். ஷட்டரை நகர்த்தி உள்ளே பார்க்கக்கூட இல்லை. அதில் பூஞ்சை. ஃப்ளாப்பியில் படிக்கும் தலை வட்டைத் தொட்டுக்கொண்டேதான் ஓடும். நிமிடத்துக்கு 300 சுற்று. பூஞ்சையும் தூசும் தலையில் ஒட்டிக்கொண்டன. அடுத்த வட்டைப் போட்டதும் கிரீச்சென்று சத்தம். நிறுத்தி எடுத்தால் வட்டில் பளபளவென்று வளையம் வளையமாகக் கோடு. காந்தப் பூச்சு அந்த இடத்தில் கிடையாது, சுரண்டிப் போய்விட்டது. எந்த மென்பொருளும் அதைத் திருப்பித் தராது. அது 1999-2000 பருவம்.

செய்திருக்க வேண்டியது இது. ஷட்டரைத் திறந்து, நடுவிலுள்ள உலோகத்தைக் கையால் சுற்றி, இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெள்ளையாகப் படை இருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்துக் காயவிட வேண்டும். ஒவ்வொரு வட்டுக்கும் பிறகு டிரைவின் தலையையும் துடைக்க வேண்டும். எழுதும் தடைத் துளை திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றரை அங்குலத்தில் துளை திறந்திருந்தால் பாதுகாப்பு. ஐந்தேகால் அங்குலத்தில் இது தலைகீழ், பக்கவாட்டு வெட்டை ஒட்டி மூடினால்தான் பாதுகாப்பு.

அப்புறம், கோப்பைக் காப்பி பண்ணக் கூடாது. முழு வட்டையும் படிமமாக எடுக்க வேண்டும். 1.44 எம்பி வட்டு என்பது 2 பக்கம், 80 தடம், தடத்துக்கு 18 செக்டர், ஆக 2880 செக்டர். ஒவ்வொன்றும் 512 பைட். எந்தக் கோப்பு எங்கே என்ற கணக்கு முதல் 33 செக்டரில் முடிந்துவிடும். அதில் அடிபட்டால் விண்டோஸ் "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்கும். மீதி 2847 செக்டரும் நன்றாகவே இருக்கலாம்! லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இந்த வேலைக்கு அருமை. படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாததைக் குறித்து வைத்து, திரும்பத் திரும்ப முயலும். அதே குறிப்புக் கோப்பை வைத்துக்கொண்டு வேறொரு டிரைவில் ஓட்டினால், முதல் டிரைவ் விட்ட இடத்தை இரண்டாவது நிரப்பும். எழுதிய டிரைவின் தலை கொஞ்சம் விலகியிருந்தால் ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும். எனக்கு இரண்டு வட்டு இப்படித்தான் முழுசாகக் கிடைத்தன.

செக்டிஸ்க் பற்றி ஒரே வரி: 'சரிசெய்' என்று சொன்னால் அது மூல வட்டின் மேலேயே எழுதும். வேண்டாம். ஓட்டியே ஆகவேண்டுமென்றால் படிமத்தின் நகலில் ஓட்டுங்கள். இன்னும் ஆழமாகப் போகிறவர்களுக்கு கியர் ஃப்ரேசர் உருவாக்கிய கிரீஸ்வீசில் என்ற சின்னப் பலகை இருக்கிறது. பழைய உள்-டிரைவை யூஎஸ்பியில் இணைத்து, செக்டராக இல்லாமல் காந்த மாற்றங்களையே அப்படியே பதிவு செய்யும். யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவால் இது முடியாது.

மூன்றாவது யோசனைதான் தமிழருக்கே உரிய பள்ளம். எக்செல் கோப்புகள் லிப்ரெஆபிஸில் ஒழுங்காகத் திறந்தன. எண்கள் எல்லாம் சரி. பறவைப் பெயர்கள்? டி, எஃப், அரைப்புள்ளி, எஃப், ஹெச். இது என்ன பறவை? பாமினி எழுத்துருவில் அதுதான் 'வக்கா'. செல்லின் வடிவமைப்பில் எழுத்துருவின் பெயர் இருந்ததால் ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிட்டேன். சிஎஸ்வியாகச் சேமித்திருந்தால் அந்தப் பெயர் போயிருக்கும். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு குறியாக்கம். பாமினி, டாப், டாம், திஸ்கி என்று போகும். சாவி இல்லாமல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். சார் நடுவில் எழுத்துருவையும் மாற்றியிருக்கிறார். 2002க்குப் பிறகு வேறு. ஒரே தாளில் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

என் குறை இணைய யோசனைகளின் மேல் மட்டும் இல்லை. நம் ஊரில் ஆவணக் காப்பு பற்றிப் பேச்சு வந்தால் ஓலைச்சுவடி, பழைய அச்சுப் புத்தகம் என்பதோடு நின்றுவிடுகிறது. 85லிருந்து 2005 வரை தட்டச்சு செய்து வைத்தது பெரும்பாலும் யாருடைய பட்டியலிலும் இல்லை. விதிவிலக்கும் உண்டு. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைத் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்குக் கொண்டுவந்தது. யாரோ உட்கார்ந்து மாற்றினார்கள், அதனால் இன்றைக்குப் படிக்கிறோம். வேடந்தாங்கல் கிராமத்தார்கூட 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கியதோடு விடவில்லை. 1858இல் மறுபடி போய் ஆணை வாங்கியிருக்கிறார்கள்.

கடைசிக் கணக்கு: எட்டு வட்டு முழுசாக, இரண்டு பாதி, ஒன்று போச்சு. சாரிடம் போனில் சொன்னேன், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அந்த வருஷம் கூழைக்கடா லேட்டா வந்துச்சு தம்பி. அது மட்டும் ஞாபகம் இருக்கு" என்றார். அதை அந்தப் பருவத்துக்கான காலித் தாளில் 'நினைவிலிருந்து, எண்ணிக்கை அல்ல' என்று குறித்து வைத்திருக்கிறேன்.