கரை சேர்ந்த ஏடுகளும் சேராத குரல்களும்

கப்பலுடைந்த கதைகளை வீரச்செயல் வரலாறாகப் படித்து, வியந்து, மூடிவைப்பது நம் வழக்கம். ஆனால் ஒரே கப்பலில் சென்றவர்கள், உயிர் பிழைத்து மீண்டபின், தத்தம் நியாயத்தை நிலைநாட்டத் தனித்தனியே நூல் எழுதினால், அவற்றை எவ்வாறு படிப்பது? 1741-ஆம் ஆண்டில் உடைந்த ‘வேஜர்’ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலைப் பற்றிய நூல்கள் நம்முன் வைக்கும் வினா இதுவே.

வேஜர் போருக்கெனக் கட்டப்பட்ட கப்பலன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் கப்பலாக நம் மதராஸ் துறைவரை வந்து சென்றது. 1739-இல் ஸ்பெயினுடன் போர் மூண்டபோது ஆங்கிலக் கடற்படை அதனை வாங்கிப் படையில் சேர்த்தது. 1740 செப்டம்பரில், ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் ஆறு போர்க்கப்பல்கள் புறப்பட்டன. பசிபிக் கடலில் ஸ்பானியரின் செல்வக் கப்பலைக் கைப்பற்றுவது அவர்கள் நோக்கங்களுள் ஒன்று. ஆள் பற்றாக்குறையால், மருத்துவ நிலையத்திலிருந்த முதிய படைவீரர்களையும் கப்பலேற்றினர். ஹார்ன் முனையைக் கடக்கையில் புயலும் ஸ்கர்வி நோயும் அவர்களை வாட்டின. தீர்க்கரேகையைத் திட்டமாகக் கணிக்கும் கருவி அந்நாளில் இல்லை. 1741 மே 14 அன்று, இன்றைய சிலி நாட்டின் பெனாஸ் வளைகுடாவில், ஆளரவமற்ற தீவொன்றின் பாறைகளில் வேஜர் மோதிச் சிதைந்தது. ஏறத்தாழ நூற்று நாற்பத்தைந்து பேர் கரையேறினர்.

அதன்பின் நிகழ்ந்தவற்றைப் பற்றியே நூல்கள் மாறுபடுகின்றன. பசியும் குளிரும் ஒழுங்கைக் குலைத்தன. கப்பல் போனால் ஊதியமும் போய்விடும் என்பது அந்நாளைய விதி. ஊதியமில்லாதவன் ஏன் அதிகாரிக்கு அடங்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. தலைவர் டேவிட் சீப், ஹென்றி கோசன்ஸ் என்ற இளம் அதிகாரியைச் சுட்டார். அவர் பின்னர் இறந்தார். தச்சர் கம்மின்ஸ் பெரும்படகை அறுத்து நீட்டிப் புதுக்கலமாக்கினார். அக்டோபரில் எண்பத்தொருவர், சீப்பைத் தீவிலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டனர். 1742 ஜனவரியில் பிரேசில் கரையை அடைந்தோர் ஏறத்தாழ முப்பது பேரே.

அவர்களை வழிநடத்திய பீரங்கிப் பொறுப்பாளர் ஜான் பல்க்லி, கம்மின்ஸுடன் சேர்ந்து 1743-இலேயே நூலை வெளியிட்டார். நாட்குறிப்பு வடிவம், அலங்காரமற்ற மாலுமி நடை. அந்த எளிமையே நம்மை நம்பத் தூண்டுகிறது. ஆயினும், தூக்குக்கயிறு கண்முன் ஆடுகையில் எழுதப்பட்ட நூல் அது என்பதை மறத்தலாகாது. ஒவ்வொரு முடிவுக்கும் பிறரிடம் கையொப்பம் வாங்கி வைத்த மனிதர் அவர். நூல் முழுவதும் ஒரு நியாயவாதியின் எச்சரிக்கை தெரிகிறது. இது வாக்குமூலம், எதிர்வாதம் கேளாமல் தீர்ப்பாக ஏற்கத்தக்கதன்று.

விபத்தின்போது பதினேழு வயதினரான ஜான் பைரன் எழுதிய நூல் வேறு வகையது. பிற்காலக் கவிஞர் பைரனின் பாட்டனார் இவர். முதலில் பல்க்லியின் கூட்டத்தோடு புறப்பட்டு, பின் தலைவரிடமே திரும்பியவர். அவர் நூல் 1768-இல்தான் வெளிவந்தது. தன் தரப்பின் இழிவுகளையும் அவர் மறைக்கவில்லை. தம்மிடம் அன்பு பாராட்டிய நாயைப் பிறர் கொன்று தின்றதையும், பின்னொரு நாள் பசி தாளாமல் அதன் எஞ்சிய பாதங்களைத் தாமே தேடியுண்டதையும் எழுதுகிறார். உணவு கொணர்ந்து உதவிய அக்கரைப் பழங்குடியினர், தம் பெண்டிரிடம் மாலுமிகள் முறைகேடாக நடக்க முயன்றதால் மனம் நொந்து அகன்றதையும் சொல்கிறார். படகில் இடமின்றி நான்கு படைவீரர்களைக் கரையில் விட்டுச் சென்றபோது, அவர்கள் மன்னரை வாழ்த்தி முழக்கமிட்டதைப் பதிவுசெய்யும் பகுதி எந்த வாசகரையும் உலுக்கும். தன்னைக் காத்துக்கொள்ள எழுதியதைவிடத் தன்னையே குற்றம் கூற அஞ்சாத எழுத்து நீண்டு வாழும் என்பதற்கு இந்நூல் சான்று.

2023-இல் அமெரிக்க எழுத்தாளர் டேவிட் கிரான் எழுதிய ‘தி வேஜர்’ இவ்வேடுகளை ஒருங்கே வைத்து ஆராய்கிறது. சாம்ராஜ்யங்கள் சொல்லும் கதைகளைப் போலவே சொல்லாமல் விடும் கதைகளும் அவற்றின் அதிகாரத்தைக் காக்கின்றன என்பதை அவர் உணர்த்துகிறார். பாராட்டத்தக்க கருத்து. எனினும் அவர் கதையும் சீப், பல்க்லி, பைரன் என்ற மூவரைச் சுற்றியே சுழல்கிறது. ஏடு எழுதியவர்களின் பின்னே செல்வதைத் தவிர வரலாற்றாசிரியருக்கு வேறு வழியில்லை என்பது உண்மையே. குறை அவருடையதன்று, ஏடுகளுடையது.

ஏடில்லாதோர் யார்? சீப்பையும் பைரனையும் சீலோவே தீவுவரை அழைத்துச் செல்ல முன்வந்த மார்ட்டின் என்ற சோனோ இனத்தலைவர். அவர் உதவியின்றிப் பைரனின் நூலே இல்லை. மற்றொருவர் ஜான் டக்; இலண்டனில் பிறந்த, கறுப்பினத் தந்தைவழி அல்லது தாய்வழி வந்த சுதந்திர மாலுமி. பல்க்லியின் கலம் இன்றைய அர்ஜென்டினாக் கரையில் விட்டுச்சென்ற எண்மரில் ஒருவர். அவர்களுள் மீண்டு வந்த ஐசக் மோரிஸ் நூல் எழுதினார். அதில் சில வரிகளில் தோன்றும் டக், நாடு திரும்பவேயில்லை.

1746-இல் கூடிய கடற்படை நீதிமன்றமும் கப்பல் உடைந்த காரணத்தை மட்டும் விசாரித்தது. கலகத்தையோ கோசன்ஸின் மரணத்தையோ தொடவில்லை. மறு ஆண்டே கப்பலிழந்த மாலுமிகளும் படை ஒழுங்கிற்கு உட்பட்டவர்களே எனச் சட்டம் திருத்தப்பட்டது. அரசு தன் பாடத்தைக் கற்றுக்கொண்டது. தீர்ப்பை மட்டும் சொல்லவில்லை.

அத்தீர்ப்பு இன்று வாசகரிடம் இருக்கிறது. இந்நூல்களைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோர், பிழைத்து வந்தவரின் துணிவைச் சொல்வதோடு நிறுத்தலாகாது. படகில் இடம் கிடைக்காதவர் யார், ஏட்டில் இடம் கிடைக்காதவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்கப் பழக்க வேண்டும்.